ரப்பர் போன வழி

அத்தியாயம் ஐந்து

தன் காலை நசுக்கியது தன் தங்கை இல்லை என்று நிரூபித்துத் தரும்படி ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு ஒருவன் கேட்டிருந்தான். தங்கையோ, நசுக்கியது நான்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போடத் தயாராக இருந்தாள். இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட அண்ணி, பிளாஸ்டிக் தொழிற்சாலையின் பின்முற்றத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்.

அண்ணி என்பது அவருடைய பெயரல்ல. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் சேதம் மதிப்பிடும் வேலையை உதறிவிட்டுச் சொந்தமாகத் துப்பறியும் தொழில் ஆரம்பித்தபோது, உதவிக்கு என்று கணவரின் தம்பியைச் சேர்த்துக்கொண்டார். அவன் வருகிறவர் போகிறவர் முன்னாலெல்லாம் "அண்ணி, அண்ணி" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, போலீஸ் கமிஷனர் அலுவலகம் வரைக்கும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. கொழுந்தனுக்கு வேறு உருப்படியான சாதனை இல்லை.

நடந்தது இதுதான். குளிர்பதனக் கிடங்கில் சுமை தூக்கும் அண்ணன்காரன், ஆளுயரத்துக்கு மேல் அடுக்கியிருந்த பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறான். அடிப்பெட்டி கண்ணாடி மாதிரி தெறித்து உடைந்தது. அடுக்கு முழுவதும் அவன் மேல் சரிந்தது. வலது கால் இனி அவனுடையதாக இருக்குமா என்று டாக்டர்கள் இன்னும் வாயைத் திறக்கவில்லை. பெட்டியை வார்த்தது இந்தத் தொழிற்சாலை. வார்த்த மெஷினை ஓட்டியது அவன் கூடப் பிறந்த தங்கை. அச்சுக்குள் ஆறி முடிவதற்குள் அவசரப்பட்டுப் பெட்டியை வெளியே எடுத்துவிட்டாள், அதனால்தான் உடைந்தது என்று கம்பெனியின் விசாரணைக் குழு கண்டுபிடித்திருந்தது. அவளும் ஆமாம் என்றாள். இன்று ஷிஃப்ட் முடிந்ததும் வாக்குமூலத்தில் கையெழுத்து. அதற்கப்புறம் போலீஸ்.

முற்றத்தில் உருகிய பிளாஸ்டிக்கின் வாடை, சாக்கடையின் வாடை, இரண்டையும் மறைப்பதற்காகக் கொட்டியிருந்த பினாயிலின் வாடை, மூன்றும் கூட்டணி வைத்திருந்தன. 

"என்ன அண்ணி, மூக்கை மூடிட்டீங்க? வாசல்ல 'பசுமையான நாளை'ன்னு போர்டு வெச்சிருக்கான்."

"பொய் சொல்லல. சாக்கடையைப் பாரு."

சாக்கடை பச்சையாகத்தான் இருந்தது.

கழித்துப் போட்ட பெட்டிகள் இரண்டு குவியலாகக் கிடந்தன. ஒன்று பழையது, சோப்புத் தண்ணீர் நிறத்தில், மங்கலாக. இன்னொன்று புதியது, பளிங்கு மாதிரி மின்னியது. விபத்துக்குப் பிறகு கிடங்கிலிருந்து திரும்பி வந்தவை. மூடிகள் மட்டும் ஒரே வகை. என்றோ மொத்தமாக வார்த்துப் போட்டு இன்னும் தீராத மலை, எல்லாம் மங்கல்.

"அதுல உக்காராதே தம்பி. என்ன ஒட்டியிருக்கோ."

கொழுந்தன் அதற்குள் பழைய பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டான். பெட்டி அவன் எடைக்கு லேசாக வளைந்து கொடுத்தது. விபத்தில் உடைந்த அடிப்பெட்டியின் மிச்சத்தையும் அண்ணி பொறுக்கிக் கொடுத்த மற்ற உடைசல்களையும் ஒரு புதுப் பெட்டிக்குள் போட்டு, மேலே மூடியை அழுத்தினான். மூடி நிற்கவில்லை. மறுபடி அழுத்தினான். நழுவிப் போய்ச் சாக்கடை ஓரத்தில் விழுந்தது.

"பல் செட் மாதிரி ஆடுது அண்ணி. இவங்க பொருளுக்கு இவங்க மூடியே சேர மாட்டேங்குது."

அண்ணி முகத்தைச் சுளித்துக்கொண்டே, இரண்டு விரலால் மட்டும் பிடித்து இன்னொரு மூடியை எடுத்தார். பழைய பெட்டியில் வைத்து அழுத்தினார். டக்கென்று உட்கார்ந்தது. புதுப் பெட்டியில் வைத்தார். நான்கு பக்கமும் ஆடியது. பிறகு பழைய பெட்டியையும் புதுப் பெட்டியையும் வாயோடு வாய் வைத்துக் கவிழ்த்தார். புதியது சுற்றிலும் ஒரு நகக்கனம் சிறியதாக இருந்தது. அடியில் பார்த்தால் இரண்டிலும் ஒரே அச்சு முத்திரை.

"ஒரே அச்சு. ஒரு வயித்துப் பிள்ளைங்க. இது மட்டும் ஏன் சுருங்கிப்போச்சு?"

"டயட்ல இருந்திருக்கும்."

"கிட்டத்தட்ட அதேதான்" என்றார் அண்ணி. கொழுந்தனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவன் சொன்னது சரி என்று அவர் சொல்லி நெடுநாளாகிறது.

மெஷின் கூடத்தை நோக்கி நடக்கும்போது விளக்கினார். முன்பு ஒரு தடவை, வெடித்துப்போன தண்ணீர்த் தொட்டிகளுக்கு நஷ்டஈடு மதிப்பிடப் போய், இந்தச் சங்கதியைத் தலைவலியோடு கற்றுக்கொண்டவர் அவர்.

"உருகின பிளாஸ்டிக் ஒரு கூட்டம்னு வெச்சுக்க. ஆற ஆற, கூட்டம் வரிசையா நெருங்கி நிக்கப் பார்க்கும். அந்த வரிசைக்குத்தான் படிகம்னு பேரு. நெருங்கி நின்னா இடம் மிச்சம், அதனால பொருள் சுருங்கும். விறைப்பா இருக்கும், பளபளன்னு இருக்கும். ஆனா குளிர்ல ஓங்கி ஒரு தட்டுத் தட்டினா மொத்த வரிசையும் ஒண்ணா விழும். அதுக்காகத்தான் நடுநடுவே ரப்பர் கலப்பாங்க. ரப்பர் வரிசைல நிக்காது. பக்கத்துல இருக்கறவனையும் நிக்க விடாது. வம்பு பேசிக்கிட்டு, வளைஞ்சு நெளிஞ்சு, எவனாவது இடிச்சா தான் வாங்கிக்கும்."

"சுருக்கமா சொன்னா, நான்தான் ரப்பர்."

"நம்ம குடும்பத்துல நீதான். உங்க அண்ணன் சுத்தமான படிகம்."

மெஷின் கூடத்தில் சூடு முகத்தில் அறைந்தது. ஆபரேட்டர் அவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க நேரமில்லை. அச்சு சீறிக்கொண்டு திறக்கும், பெட்டியை இழுப்பாள், ஓரத்துப் பிசிறைக் கத்தியால் சீவுவாள், அடுக்குவாள், அதற்குள் அச்சு மறுபடி சீறும். 

"நீங்கதான் எங்க அண்ணன் அனுப்பின ஆளா? திரும்பிப் போயிடுங்கக்கா. அவனுக்குப் பாசம் கண்ணை மறைக்குது."

"ஆற வைக்கற நேரத்தைக் குறைச்சது நீயா?"

"நான்தான்."

"ஏன்?"

"எழுதி வெச்சிருக்காங்களே. சொந்த லாபத்துக்காகன்னு."

"அவங்க எழுதினது கிடக்கட்டும். நீ சொல்லு."

ஆபரேட்டரின் கண் ஒரு நொடி கொழுந்தன் பக்கம் போய் வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாகக் குறிப்பறிந்த கொழுந்தன், சுவரில் தொங்கிய தீயணைப்புக் கருவியைப் பரம ஆர்வத்துடன் ஆராயப் போய்விட்டான்.

"பாத்ரூம் போறதுக்கு" என்றாள். கத்தி சீவிக்கொண்டே இருந்தது. "மெஷினை நிறுத்தக் கூடாது. மாத்தி விட ஆள் கிடையாது. இத்தனை பெட்டின்னு கணக்கு. கொஞ்சம் கொஞ்சமா நொடியைக் குறைச்சு நாலு பெட்டி முன்னாடியே அடிச்சு வெச்சுக்கிட்டா ஓடிப் போயிட்டு ஓடி வந்துடலாம். இங்க இருக்கற பொம்பளைங்க எல்லாருமே அப்படித்தான். எனக்கு முன்னாடி இருந்தவங்க சொல்லிக் கொடுத்தாங்க."

"அப்போ எல்லார் பெட்டியும் இத்தனை வருஷமா உடைஞ்சிருக்கணுமே."

"என்னோடதுதானேக்கா உடைஞ்சுது. அதுவும் அவன் மேலயே."

"இந்தப் பிளாஸ்டிக் குருணையில என்ன கலக்கறாங்கன்னு தெரியுமா?"

"மேலேர்ந்து குழாய்ல வருது. நான் அடிக்கறேன். என்ன கலக்கறாங்க, ஏது கலக்கறாங்கன்னு கலவை பார்க்கற டாக்டர் சாரைக் கேளுங்க. அவர் ரூமுக்குப் பூட்டு போட்டிருக்கு."

"அண்ணனைப் போய்ப் பார்த்தியா?"

கத்தி நின்றது. அச்சு சீறித் திறந்து, பெட்டியோடு அவளுக்காகக் காத்திருந்தது.

"எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுப் போறது?" என்றாள். 

வெளியே வந்ததும் அண்ணி, பெண்கள் கழிப்பறை என்று எழுதியிருந்த கதவைத் திறந்தார். உடனே மூடினார்.

"இதுக்குள்ள ஓடி வர்றதுதான் சொந்த லாபமாம்" என்றார் பிறகு. மறுபடி மூக்கைப் பொத்திக்கொண்டார். கழிப்பறையைக் கண்டு அல்ல. அந்த இரண்டு வார்த்தைகளைக் கோர்த்து எழுதிய ஆளின் பேனாவை நினைத்து.

சேர்மனின் அறை மாடியில் இருந்தது. கதவைத் திறந்ததும் ரோஜா சென்ட் வந்து கட்டிக்கொண்டது. ஒரு பூந்தோட்டத்தைக் கசக்கிப் பிழிந்தால்கூட இவ்வளவு வாடை வராது. அதற்கு அடியில், வெட்கப்பட்டுக்கொண்டு ஒளிந்திருந்த இன்னொரு வாசனை அண்ணியின் மூக்குக்குப் பட்டது. புதுச் செருப்புக் கடை வாசனை.

அறையின் ஒரு கோடியில் மேடை. மேடைக்குச் சிவப்புக் கம்பளம். கம்பளத்தின் மேல் சிம்மாசனத்துக்குத் தம்பி மாதிரி ஒரு நாற்காலி. அதில் சேர்மன், லேசாக இடது பக்கம் சரிந்தாற்போல் அமர்ந்திருந்தார். குள்ளமானவர். மேடையும் நாற்காலியும் சேர்ந்து அவரை, நின்றுகொண்டிருப்பவர்களின் நெற்றிக்கு உயர்த்தியிருந்தன. எதிரே கண்ணாடி மேஜை. சுவர் நிறையக் கேடயங்கள், கோப்பைகள். எல்லாவற்றுக்கும் நடுவில் பெரிய படம்: கவிழ்த்துப் போட்ட ஒரு பளிங்குப் பெட்டியின் மேல் சேர்மனும் இயக்குநர்கள் சிலரும் ஒருவரையொருவர் கட்டிப் பிடித்தபடி ஏறி நின்று சிரித்தார்கள். கீழே 'கிரிஸ்டல் வரிசை அறிமுக விழா' என்று பொன்னெழுத்து.

"வாங்க மேடம். அந்தப் பொண்ணு எனக்கு மக மாதிரி" என்று ஆரம்பித்தார் சேர்மன். "இங்க எல்லாருமே ஒரு குடும்பம்."

"மகளை ஜெயிலுக்கு அனுப்பற குடும்பமா சார்?" என்றான் கொழுந்தன்.

"கண்டிப்பும் பாசம்தான் தம்பி." அதைச் சொல்லும்போது சேர்மனின் கண்கள் உண்மையாகவே கலங்கின. அண்ணிக்கு அதுதான் தாங்கவில்லை. பொய்யாகக் கலங்கியிருந்தால்கூட ஒரு மரியாதை இருந்திருக்கும்.

மூலையில் சிறிய ஃப்ரிட்ஜ் ஒன்று இருந்தது. "இதை ஒரு நிமிஷம் உபயோகிச்சுக்கறோம்" என்று அண்ணி கண்ணைக் காட்ட, கொழுந்தன் உறைபெட்டியைத் திறந்தான். உள்ளே ஐஸ் கட்டிகளோடு, முகத்தில் பூசுகிற பச்சைக் களிம்பு ஒரு கிண்ணம். போட்டோ எடுக்கிற நாட்களில் சேர்மனின் கன்ன வீக்கம் வடிவதற்கு. கொழுந்தன் அதை இரண்டு விரலால் தள்ளிவிட்டு, மூடியிலிருந்து வெட்டிய ஒரு துண்டையும் உடைந்த பெட்டியின் ஒரு துண்டையும் ஐஸுக்கு நடுவில் செருகினான்.

"என்ன அது?" என்றார் டாக்டர்.

டாக்டர் என்றால் மருந்து கொடுக்கிறவர் அல்ல. பிளாஸ்டிக்கில் டாக்டர். கழுத்துப்பட்டையும் கையில் சிவப்பு வெளிச்சம் பாய்ச்சும் குச்சியுமாகச் சேர்மனின் மேடைக்குக் கீழே நின்றிருந்தார். எதைச் சொன்னாலும் அந்தச் சிவப்புப் புள்ளி எங்கேயாவது போய் நிற்க வேண்டும் அவருக்கு. இப்போது அது கொழுந்தனின் வயிற்றில் நின்றது.

"சாட்சிங்களைக் குளிர வைக்கறோம் சார். நீங்க ஆரம்பிங்க" என்றான் கொழுந்தன்.

டாக்டர் ஆரம்பித்தார். பாலிமர் சங்கிலிகள் ஒழுங்காக அடுக்கி நிற்பதே படிகமாதல் என்றும், அந்த மகத்தான நிகழ்வுக்கு அவகாசம் தேவை என்றும், அந்த அவகாசத்தை ஒரு தனிநபர் களவாடியதால் படிகம் அரைகுறையாக நின்று பெட்டி பலவீனப்பட்டது என்றும் சொன்னார். 'தனிநபர்' என்கிறபோது புள்ளி கதவின் மேல் நின்றது. 

"ரொம்ப நல்லா சொன்னீங்க" என்றார் அண்ணி. "ஆறாம வெளியே எடுத்த பெட்டி என்ன ஆகும் டாக்டர்?"

"சொன்னேனே. பலவீனம்."

"அது அப்புறம். முதல்ல பார்வைக்கு எப்படி இருக்கும்? சூடா எடுத்து வெளியே வெச்சா?"

டாக்டர் சேர்மனைப் பார்த்தார். "கொஞ்சம்... கோணும்."

அண்ணி, அண்ணன்காரனின் கால்மேல் சரிந்த அடுக்கின் அடிப்பெட்டியை எடுத்துக் கண்ணாடி மேஜையில் வைத்தார். பக்கச் சுவர்கள் போய்விட்டன. அடிப்பாகம் முழுசாக இருந்தது. கொழுந்தன் சட்டைப்பையிலிருந்து பஸ் டிக்கெட் ஒன்றை எடுத்து ஒவ்வொரு மூலைக்கும் அடியில் செருகிப் பார்த்தான். எந்த மூலையிலும் நுழையவில்லை. 

"நம்ம வீட்டுத் தரையைவிட மட்டமா இருக்கு அண்ணி."

"கோணவே இல்ல. ஆனா சுருங்கியிருக்கு. இதோட பிறந்த புதுப் பெட்டிங்க மேல மூடி போட்டா நிக்கல. படிகம் அரைகுறைன்னா சுருக்கம் குறையணும் இல்லையா டாக்டர்? இது அளவுக்கு மீறிச் சுருங்கியிருக்கு. படிகம் பட்டினி கிடக்கல, தின்னு கொழுத்திருக்கு. அது அப்படிக் கொழுக்காம இருக்க இந்தப் பெட்டியில வழக்கமா ஒண்ணு கலப்பீங்களே. அது பேரென்ன?"

சிவப்புப் புள்ளி மேஜையில் ஊர்ந்து, தரையில் இறங்கி, டாக்டரின் சொந்தச் செருப்பின் மேல் வந்து நின்றது.

"ரப்பர்" என்றார் டாக்டர்.

"தம்பி, சாட்சிங்களைக் கூப்பிடு."

கொழுந்தன் இரண்டு துண்டுகளையும் வெளியே எடுத்தான். சுற்றுமுற்றும் பார்த்து, அலமாரியிலிருந்த கோப்பைகளில் கனமான ஒன்றைத் தேர்ந்தெடுத்தான். 'தரத்தில் முதலிடம்' என்று அதில் பொறித்திருந்தது. மூடித் துண்டை மேஜை விளிம்பில் வைத்து ஓங்கித் தட்டினான். துண்டு வளைந்தது, வளைந்த இடம் வெளுத்தது, உடையவில்லை. அடுத்து, பெட்டித் துண்டைத் தட்டினான். சில்லுச் சில்லாகத் தெறித்து ஒன்று சேர்மனின் மடியில் போய் விழுந்தது.

"முதலிடம்தான் சார்" என்று கோப்பையைத் துடைத்துத் திருப்பி வைத்தான் கொழுந்தன்.

சேர்மன் மடியிலிருந்த சில்லைக் கையில் எடுத்தார். நீளமாக ஒரு பெருமூச்சு விட்டார். பிறகு அவர் முகத்தில் விடிந்தது.

"அப்போ சப்ளையர் எங்களை ஏமாத்திட்டான்."

"ஏமாத்திட்டான் சார்" என்றார் டாக்டர், மூச்சு வாங்காமல்.

"ரப்பர் கலந்ததுன்னு சொல்லி வெறும் குருணையை அனுப்பியிருக்கான். நாங்களும் பாதிக்கப்பட்டவங்க மேடம். அந்தப் பொண்ணை மாதிரியே. அவ அண்ணனை மாதிரியே. பார்க்கப்போனா, எங்களுக்குத்தான் பாதிப்பு ஜாஸ்தி, எங்க பேர் போச்சு. மக மேல தப்பில்லன்னு ஆனதுல எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?" கண்கள் மறுபடி கலங்கின. "டாக்டர், பாதுகாப்பு ஆலோசகர்னு ஒரு பதவி ரொம்ப நாளா காலியா இருக்கு இல்ல? மேடமுக்கு அது பொருத்தமா இருக்கும்."

ஒரு மனிதன் ஒரே மூச்சில் குற்றத்தைத் துப்பிவிட்டு, பாதிக்கப்பட்டவன் இடத்தில் ஏறி உட்கார்ந்து, கூட உட்கார அண்ணிக்கும் இடம் போட்டுக் கொடுக்கிறான். அண்ணி சுவரிலிருந்த பெரிய படத்தைக் காட்டினார்.

"இத்தனை பேர் ஏறி நிக்கறீங்க. பெட்டி ஒரு இம்மிகூட வளையல."

"அதுதான் எங்க கிரிஸ்டல் வரிசையோட பெருமை" என்றார் சேர்மன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. 

"கீழே இவன் ஒருத்தன் உக்காந்ததுக்கே பழைய பெட்டி வளைஞ்சுது. ரப்பர் இருந்தா வளையும், மங்கலாவும் தெரியும். ரப்பரை எடுத்தா விறைப்பா நிக்கும், மின்னும், படத்துக்கு அழகா இருக்கும். சப்ளையர் ஏமாத்தின பொருளுக்கு விழா எடுத்து, பேரு வெச்சு, மேல ஏறி நின்னு கேடயமும் வாங்கினீங்களா?"

"ஆதாரம் வேணும் மேடம்" என்றார் சேர்மன். குரலில் இருந்த குடும்பம் போய்விட்டது. "ரப்பர் வாங்கி, கலக்காம விட்டோம்னா, அந்த ரப்பர் எங்கே? விபத்துக்கு மறுநாளே தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் வந்து ஸ்டோர் முழுக்கப் பார்த்தார். ஒரு மூட்டை கிடையாது. வாசல் வழியா வெளியே போகவும் இல்ல, காவலுக்கு அவர் ஆளுங்க நின்னாங்க. எங்கே போச்சு?"

நல்ல கேள்விதான். அண்ணி அவரையே பார்த்தார். சேர்மன் நேராக உட்கார்ந்துதான் பேசினார். நாற்காலிதான் இடது பக்கம் சரிந்திருந்தது. அதன் பின்கால் ஒன்று கம்பளத்துக்குள் புதைந்து இறங்கியிருந்தது.

"இந்த மேடை எப்போ போட்டது சார்?"

சேர்மன் வாயைத் திறந்தார். டாக்டர் வாயை மூடிக்கொண்டார்.

"தம்பி, மேல ஏறி ஒரு தடவை குதி."

"எத்தனை உயரம் அண்ணி?"

"உன் இஷ்டம்."

கொழுந்தன் ஏறினான். குதித்தான். மரமேடை என்றால் தடதடவென்று சத்தம் வரும். சத்தமே வரவில்லை. மேடை அவனை வாங்கி, மெதுவாகத் திருப்பிக் கொடுத்தது. அவன் முகம் மலர்ந்தது. இன்னொரு தடவை குதித்தான். அது விசாரணைக்குத் தேவையில்லை. சேர்மனும் நாற்காலியோடு சேர்ந்து ஒரு தடவை எழும்பி அமர்ந்தார்.

"இறங்குங்க சார்" என்றார் அண்ணி.

கம்பளத்தின் ஓரத்தைக் கொழுந்தன் உரித்தான். ரோஜா ஓடிப்போயிற்று. மூட்டைகள். ஒன்றன்மேல் ஒன்றாக, பாய் விரித்தாற்போல் சீராக அடுக்கிய மூட்டைகள். ஒவ்வொன்றிலும் 'ரப்பர் குருணை' என்று பெரிய எழுத்து. நாற்காலிக்கால் இறங்கிய மூட்டை கிழிந்து, உள்ளேயிருந்த குருணை சேர்மனின் எடையிலும் அறைச் சூட்டிலும் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டி தட்டிப்போயிருந்தது. இடுக்கிலிருந்து ஒரு கரப்பான் வெளியே வந்து, கூட்டத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது.

அண்ணி சுவரோடு ஒட்டி நின்றார். கரப்பானுக்காக அல்ல. ஒருவன் காலைக் காப்பாற்றியிருக்க வேண்டியதை எடுத்து, தன் நாற்காலிக்கு உயரம் போட்டுக்கொண்டு, அதன் மேலிருந்து அவன் தங்கையை மகள் என்று கூப்பிட்டிருக்கிறார் இந்த மனிதர்.

"இன்ஸ்பெக்டர் வந்தப்போ எங்கே உக்கார வெச்சீங்க சார்?" என்றான் கொழுந்தன். "இங்கயேவா?"

அண்ணி அந்த இன்ஸ்பெக்டருக்குத்தான் போன் செய்தார். கிளம்பி வருவதாகச் சொன்னார் அவர். அவர் குரலும் அவ்வளவு நன்றாக இல்லை.

ஷிஃப்ட் முடிந்த சங்கு ஊதியது. கதவைத் தட்டிவிட்டு ஆபரேட்டர் உள்ளே வந்தாள். கையில் வாக்குமூலக் காகிதம், நான்காக மடித்து. கையெழுத்துப் போட மேஜையைத் தேடியவள், உரித்த கம்பளத்தையும் மூட்டைகளையும் பார்த்து நின்றாள்.

"நீ குறைச்ச நொடியால பெட்டி உடையல" என்றார் அண்ணி. "பெட்டி குளிர் தாங்கறதுக்குக் கலக்க வேண்டியது இது. படத்துல மின்னணும்னு கலக்காம விட்டுட்டாங்க. நீ எவ்வளவு நேரம் ஆற வெச்சிருந்தாலும் அது அங்கே உடைஞ்சுதான் இருக்கும்."

அவள் அழவில்லை. நிம்மதிப் பெருமூச்சும் விடவில்லை. டாக்டர் பக்கம் திரும்பினாள்.

"சார், இது உங்களுக்கு அன்னிக்கே தெரியுமா?"

டாக்டரின் குச்சி அணைந்திருந்தது. அவர் கம்பளத்தின் பூவேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்கதான் சார் என்கிட்ட வந்து சொன்னீங்க. உன் கையாலதான் உங்க அண்ணனுக்கு இப்படி ஆச்சு, மறைச்சா பாவம்னு. என் பக்கத்துல உக்காந்து சொன்னீங்க. தண்ணி கூடக் குடுத்தீங்க."

அவள் குனிந்து, கிழிந்த மூட்டைக்குள் கையை விட்டு, ஒரு கட்டியைப் பிய்த்து எடுத்தாள். அது விரல்களில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டது. திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுவா" என்றாள்.

கட்டியைக் கண்ணாடி மேஜையில் வைத்தாள். நான்காக மடித்த வாக்குமூலத்தைப் பிரித்து, விரல் விரலாக, நிதானமாகக் கையைத் துடைத்துக்கொண்டாள். காகிதத்தைக் கசக்கிச் சேர்மனின் முன்னால் கட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"ஆஸ்பத்திரியில எத்தனை மணி வரைக்கும் உள்ள விடுவாங்கக்கா?"

"இப்பவே கிளம்பினா பார்க்கலாம். தம்பி, வண்டியை எடு. வாயை மூடிக்கிட்டு ஓட்டு."

"ஹெல்மெட் போட்டா தானா மூடிக்கும் அண்ணி" என்றபடி கொழுந்தன் அவளுக்குக் கதவைத் திறந்துவிட்டான்.

அவர்கள் போனபின் அண்ணி, இன்ஸ்பெக்டர் வரும்வரை மூட்டைகளுக்குக் காவலாக நின்றார். உட்காரச் சொல்லி சேர்மன் இரண்டு தடவை உபசரித்தார். அந்த அறையில் எதிலும் உட்கார அண்ணிக்கு மனம் வரவில்லை. ஆலோசகர் பதவியைப் பற்றி மறுபடி பேச்செடுத்தபோது, ஜன்னலைத் திறந்து விட்டுவிட்டு அங்கேயே நின்றுகொண்டார். வெளியே அந்தச் சாக்கடை வாடைதான். இந்த அறைக்கு அது எவ்வளவோ தேவலை.

கீழே ஜீப் வந்து நிற்கிற நேரத்தில் போன் அடித்தது. கட்டிலில் கிடக்கும் அண்ணன்காரன்.

"மேடம், தங்கச்சி வந்திருக்கா."

"என்ன சொல்றா?"

"வந்ததுலேர்ந்து திட்டிக்கிட்டே இருக்கா."

"சேர்மனையா?"

"அவரை யாரு நினைச்சா. என்னைத்தான். அத்தனை உயரத்துக்கு அடுக்கி வெச்ச இடத்துல உனக்கு என்னடா வேலை, கண்ணு என்ன பொடனியிலயா இருக்குன்னு." பின்னால் அவள் குரல் உடைந்தும் உயர்ந்தும் கேட்டுக்கொண்டே இருந்தது. "நர்ஸு வந்து நேரமாச்சு, வெளிய அனுப்பவான்னு கேக்கறாங்க மேடம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"இன்னும் முடிக்கலைன்னு சொன்னேன்."